விடை கடைசிப் பக்கத்தில்

என் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என்னைத் தவிர எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். என்னைப் பெற்றவர்கள் ராப்பகலாக யோசித்து வைத்த பெயர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்த வருடம் பெண்குழந்தை பெற்ற அத்தனை பேரும் அதே யோசனையைத்தான் யோசித்திருக்கிறார்கள். பள்ளியில் எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர். நெட்டை, குட்டை, நடு. நான் நடு.

நான் நத்தைகளை ஆராய்கிறவள். சிரிக்க நினைப்பவர்கள் சிரித்துவிடலாம், எனக்குப் பழகிவிட்டது. நத்தை போகிற வழியில் விட்டுச்செல்லும் பசையைப் பற்றிப் பதினோரு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் தற்காலிக ஆசிரியை வேலை. அந்தத் தற்காலிகமும் பதினோரு வருடம்தான். ஒருவழியாக ஒரு நிரந்தர இடம் காலியானது. எட்டுக் கட்டுரைகள் வேண்டும் என்றார்கள். என்னிடம் அளந்து வைத்தாற்போல எட்டுதான் இருந்தன. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள், பொது நூலகம் முத்திரை போட்ட பட்டியலைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நூலகக் கணினியில் என் பெயரைத் தட்டினேன். நாற்பத்தாறு தலைப்புகள் வந்து விழுந்தன.

‘நிலத்து நத்தைகளின் தடப் பசை’ என்னுடையது. அதற்கு அடுத்தே ‘கான்கிரீட் பாலங்களில் விரிசலின் ஒலி’. அதற்குக் கீழே ‘மாமியார் மாடிப்படி இறங்குகிறார்: மூன்று அங்க நாடகம்’. தொடர்ந்து ‘மாமியார் மறுபடி ஏறுகிறார்’. அந்த மாமியார் ஏறி இறங்கிக் கொண்டே இருபது வரிக்குமேல் போனார். அச்செடுத்துக் கல்லூரி அலுவலகத்தில் காட்டினேன். குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, இது ஒரு ஆளோட பட்டியல் மாதிரி தெரியலையே. ஒரு தெருவோட பட்டியல் மாதிரி இருக்கு.”

வீட்டில் என் கணவருக்கு இது போதாதா? கதவைத் திறக்கும்போதே, “இன்னிக்கு வந்திருக்கறது யாரு? பாலம் கட்டறவளா, நாடகம் போடறவளா?” என்றார்.

“உங்களை உதைக்க வந்தவ,” என்றேன்.

“அப்ப நத்தைதான். மெதுவா வந்து உதை, நான் காய் நறுக்கி முடிச்சிடறேன்.”

திங்கட்கிழமை நூலகத்தின் பட்டியல் பிரிவுக்குப் போனேன். கட்டடத்தின் பின்பக்கம், நாலு படி இறங்கினால், படிக்கட்டுக்கு அடியில் செருகியதுபோல ஓர் அறை. பட்டியல் அட்டைகள் வைக்கும் பழைய இழுப்பறைகள் சுவர் நிறைய இருந்தன. அட்டைகள் போய்விட்டன. இப்போது ஒன்றில் ரப்பர் வளையங்கள், ஒன்றில் முத்திரை மை, ஒன்றில் அங்கே வேலை பார்ப்பவரின் சாப்பாட்டு டப்பா. அவர் ஒல்லியான மனிதர், ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம் இருக்கும். அவர் வேலையை வைத்துப் பட்டியல்காரர் என்றே சொல்கிறேன்.

எப்படி இந்தக் குழப்பம் என்று கேட்டதற்கு அவர் பொறுமையாக விளக்கினார். நம் ஆட்கள் இனிஷியலை நினைத்த இடத்தில் வைப்பார்கள். ஒருவர் பெயருக்கு முன்னால், ஒருவர் பின்னால், ஒருவர் புள்ளியோடு, ஒருவர் புள்ளி இல்லாமல். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, கல்யாணத்துக்குப் பின் வீட்டுக்காரரின் எழுத்து. கணினி வந்த புதிதில் ஒரே ஆள் நாலாகப் பிரிந்து நின்றிருக்கிறார். மேலே இருந்த யாருக்கோ எரிச்சல் வந்து, ‘இனிஷியலையெல்லாம் தூக்குங்கள்’ என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து நாலு பேர் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

“பிரிக்க முடியாதா சார்?”

“முடியும் மேடம். ஆளுக்கு ஒரு எண் குடுத்துப் பிரிக்கணும். நாளைக்கு வாங்களேன்.”

செவ்வாய்க்கிழமை போனேன். கணினிக்கு உடம்பு சரியில்லை என்றார். கணினி அவருக்குப் பின்னால் கல்லுக்குண்டுபோல ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் முத்திரை அவர் கையில் இருக்கிறதே, என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை ஒரு முடிவோடு போனேன். அவர் சாப்பிடப் போயிருந்ததால் வாசிப்பறையில் காத்திருந்தேன். அந்த நூலகத்தில் புத்தகங்கள் மாடியில் இருக்கும். சீட்டில் புத்தகத்தின் பெயரையும் நம் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும், புத்தகம் இறங்கியதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் சீட்டு எதுவும் கொடுக்கவில்லை. ஆனாலும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். எனக்கு முன் வரிசையில் மஞ்சள் தலைக்கவசத்தை மடியில் வைத்திருந்த ஒரு பெண்ணும் எழுந்தாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“நத்தையா?” என்றாள் அவள்.

“பாலமா?” என்றேன் நான்.

அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை, அதற்குள் பதினாலு கட்டுரை. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வாய் நிறைய “அக்கா” என்று கூப்பிடுகிறவளிடம் எவ்வளவு நேரம் எரிச்சலாக இருக்க முடியும்? போன வருடம் ஒரு மாநாட்டில் அவளை மேடைக்கு அழைத்தவர், “நத்தைகளைப் பற்றியும் நகைச்சுவை நாடகம் பற்றியும் ஆழமாக எழுதியவர்” என்று அறிமுகப்படுத்தினாராம். அன்றிலிருந்து அவளும் பிரிக்கச் சொல்லித்தான் நடையாய் நடக்கிறாள். நாலு முறை வந்துவிட்டாள், நாலு முறையும் ‘நாளைக்கு’.

இருவரும் சேர்ந்து பட்டியல் பிரிவுக்குள் நுழைந்தோம். அவர் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இன்னிக்குப் பிரிக்காம நாங்க இந்த இடத்தை விட்டு நகர மாட்டோம்,” என்றேன். என் குரல் எனக்கே சற்று அதிகமாகத்தான் கேட்டது.

அவர் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தார். பாலம் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து விரலால் எண்ணினாள். “அக்காவுது எட்டு. என்னுது பதினாலு. நாடகம் இருபத்து மூணு, அவங்க நம்பர் என்கிட்ட இருக்கு, பேசியிருக்கேன். ஆக நாற்பத்தஞ்சு. இந்தக் கடைசி யாருது? ‘விடை கடைசிப் பக்கத்தில்: விடுகதைகள்’. இருபத்து நாலு பக்கம். நாடக அம்மாவுதா?” உடனே போன் போட்டாள். மறுமுனையில் பெரிய குரல், “விடுகதையா? நான் கதையே ஒழுங்கா விடறதில்லன்னு என் வீட்டுல சொல்றாங்க!” என்றது.

“அப்ப யாருதுதான் சார் இது?”

பட்டியல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தும் துடைத்தார்.

“அது எங்க வீட்டுக்காரம்மாவோடது,” என்றார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் அவர் மனைவி முப்பத்திரண்டு விடுகதைகள் எழுதினார். எல்லாம் சொந்தமாகக் கட்டியவை. நூறு பிரதி அச்சடித்தார்கள். அச்சகத்தில் கடைசித் தாளை வைக்காமலே தைத்துவிட்டார்கள். நூறு பிரதியிலும் இல்லை. புத்தகத்தின் தலைப்பு ‘விடை கடைசிப் பக்கத்தில்’, கடைசிப் பக்கத்தைக் காணோம்! ஒரு பத்திரிகையில் ‘எழுதியவருக்கே விடை தெரியாத புத்தகம்’ என்று கிண்டல் செய்து இரண்டு வரி போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த அம்மா பேனாவைத் தொடவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்துவிட்டார்.

“இங்க ஒரு விதி இருக்கு மேடம்,” என்றார் அவர். “அஞ்சு வருஷத்துல ஒரு எழுத்தாளரோட புத்தகங்களை மூணு பேராவது எடுத்திருக்கணும். இல்லன்னா மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வர்ற கழிவுப் பட்டியல்ல அந்தப் பேர் வந்துடும். புத்தகம் கூழாக்கப் போயிடும். இப்ப நாலு பேரும் ஒரே ஆளா இருக்கறதால அது தப்பிச்சு நிக்குது. பிரிச்சேன்னா அவ பேருக்கு நேரா சைபர்.”

பிறகு, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். “வருஷக் கடைசியில வீட்டுக்குப் போய்ச் சொல்லுவேன். இந்த வருஷம் உன் பேர்ல நூத்திப் பதினொரு தடவை புத்தகம் போயிருக்குன்னு. பொய் இல்ல மேடம். பேர் அவ பேர்தானே?”

என் எட்டுக் கட்டுரைகளில் மூன்று ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஒரு நத்தை, முன்னால் போன நத்தையின் தடத்திலேயே போனால் அதற்குப் பசை மிச்சம். அந்த இருபத்து நாலு பக்கப் புத்தகமும் இத்தனை வருடம் எங்கள் தடத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சண்டை போட வந்த எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போய்விட்டது. கோபமும் போகவில்லை. பதினோரு வருடக் கோபம், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“சார், எனக்கு வேலை போயிடும்,” என்றேன்.

“தெரியும் மேடம். வெள்ளிக்கிழமை போட்டுத் தந்துடறேன். உங்க வயித்துல அடிச்சு எங்க வீட்டுப் புத்தகம் நிக்க வேண்டாம். ரெண்டு நாள் தள்ளிப் பார்த்தேன், அவ்வளவுதான்.”

இருவரும் வெளியே வந்தோம். படியேறும்போது பாலம்தான் சட்டென்று நின்றாள். “மூணு பேர் எடுத்தா போதும்னுதானே சொன்னாரு? நாம மூணு பேர் இருக்கோமே அக்கா!”

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பேரும் கூடினோம். நாடக அம்மாவை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். அறுபது வயது, வாசிப்பறையில் மெதுவாகப் பேசத் தெரியாத தொண்டை. நான் சீட்டு எழுதிக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, அங்கேயே படித்துவிட்டுத் திருப்பினேன். அடுத்து பாலம். அடுத்து நாடகம். எங்கள் கைக்கு வந்த அந்த ஒரே பிரதி, அட்டை மடிப்புக்கூட விழாமல் அன்று பிறந்ததுபோல இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விடுகதைகள் அருமையானவை. ‘அவன் நின்றால் எல்லோரும் ஓடுவார், அவன் ஓடினால் எல்லோரும் நிற்பார்.’ பாலம் உடனே, “பஸ்!” என்றாள். ‘ஓட்டை போட்டபடி அவன் முன்னால் போவான், அடைத்தபடி அவள் பின்னால் போவாள்.’ ஊசியும் நூலும். பின்னால் தையல்காரியாகப் போகிறோம் என்று அந்த அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருக்குமோ என்னவோ. நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாதுதான். கடைசிப் பக்கம் இல்லாத புத்தகத்துக்கு வேறு என்ன செய்வது என்று பென்சிலால் ஒவ்வொன்றுக்கும் கீழே சின்னதாக விடை எழுதினோம்.

கடைசி விடுகதையில் மட்டும் மூவரும் முட்டிக்கொண்டோம். ‘ஒரே வீடு, பலர் குடி. ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. வாடகை கிடையாது, காலி செய்யவும் முடியாது.’

நான் ‘நத்தை ஓடு’ என்று எழுதினேன். பலர் குடி என்பது இடித்தது, இருந்தாலும் எழுதினேன். பாலம் அதை அடித்துவிட்டு ‘அடுக்குமாடி’ என்று எழுதினாள். நாடக அம்மா, “வாடகை இல்லாத அடுக்குமாடி எங்கடி இருக்கு? எனக்கும் சொல்லு,” என்று கேட்டுவிட்டு ‘சுடுகாடு’ என்று எழுதி, தானே பயந்து அழித்துவிட்டார்.

பட்டியல் பிரிவுக்கு இறங்கிப் போனோம். பட்டியல்காரர் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

“என்ன சார்?”

“மேடம், வாசகர் கணக்கும் இதே கணினிதான். இதே புத்திதான்.” திரையைத் திருப்பிக் காட்டினார். இந்த மாதம் அந்தப் புத்தகத்தை எடுத்தவர்கள்: ஒருவர். மூன்று முறை.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மூன்று பேர் நேரில் நிற்கிறோம், மூன்று உயரம், மூன்று வயது, ஒருத்திக்குத் தலைக்கவசம்கூட இருக்கிறது. கணினிக்கு நாங்கள் ஒரே ஆள்.

“அப்படின்னா முதல்ல எங்களைப் பிரிங்க,” என்றாள் பாலம். “பிரிச்சாதான் மூணு பேரா எண்ணும்.”

அவர் கை விசைப்பலகைக்கு மேல் போய் நின்றது. பிரித்து, கணினி எங்களை மூன்றாக எண்ணாமல் போய்விட்டால்? இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்தது ஒரே தட்டலில் போய்விடும். மணி மூன்றரை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வேலைக்காகச் சொன்னதாக இருக்கும்.

அவர் தட்டினார்.

நாடகத்துக்கு ஓர் எண், பாலத்துக்கு ஓர் எண், எனக்கு ஓர் எண், அவர் மனைவிக்கு ஓர் எண். திரை ஒரு நிமிடம் வெறுமையாகச் சுழன்றது. பிறகு என் பெயருக்கு நேரே எட்டுக் கட்டுரைகள் வந்தன. வேறு எவருடைய மாமியாரும் இல்லை. அடுத்த வரியில், விடுகதைப் புத்தகத்தை எடுத்தவர்கள்: மூவர். பட்டியல்காரர் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். என் பட்டியலில் முத்திரையை மூன்று முறை குத்தினார். ஒன்று போதும். அந்த வேலை எனக்குக் கிடைத்தது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறகு மறந்துபோவேன்.

நாங்கள் பட்டியல்காரரோடு வாசிப்பறைக்கு வந்தபோது அங்கே ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்க வேண்டும். நாடக அம்மா பூனைபோல வேறு பக்கம் பார்த்தார்.

“நீங்க சொன்னீங்களா?” என்று அவர் காதில் கேட்டேன்.

“நான் ராணி வேஷத்துக்குத் துணி தைக்கக் குடுக்கத்தான் போனேன். பேச்சுவாக்குல வந்துடுச்சு.”

ஓட்டை வாய் என்றால் இப்படி ஒரு ஓட்டை வாயை நான் பார்த்ததில்லை.

பட்டியல்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. “இங்க பாரு, நான் வந்து என்ன சொல்றேன்னா...”

“இங்க பாருன்னா யாரைப் பாக்கறது?” என்றார் அந்த அம்மா. எங்களிடம் திரும்பி, “கல்யாணமான நாள்ல இருந்து எனக்கு இதான் பேரு. இங்க பாரு,” என்றார். பிறகு அவரிடமே, “நூத்திப் பதினொரு பேர் எடுத்திருந்தா, ஒருத்தராவது கடைக்கு வந்து, ‘ஏம்மா, விடை எங்கே’ன்னு கேட்டிருக்க மாட்டாங்களா? எனக்கு முதல் வருஷமே தெரியும்.”

“தெரியுமா? அப்ப ஏன் கேக்கல?”

“பாவம், வருஷா வருஷம் எண்ணிக்கிட்டு வந்து சொல்றீங்களேன்னு விட்டுட்டேன்.” அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார். “கேக்கறதுக்கு நல்லாவும் இருந்துச்சு.”

நாடக அம்மா கையிலிருந்த புத்தகத்தை வாங்கித் திறந்து, எழுதியவர் முன்னால் நீட்டினேன். அவர் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பென்சில் எழுத்துகளைப் பார்த்ததும் அவர் விரல் நின்றுவிட்டது. மூன்று விதக் கையெழுத்தையும் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். “சரி... இதுவும் சரி... இது நான் நினைச்சதைவிட நல்லா இருக்கே,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார். கடைசி விடுகதை வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

“இதுக்குக் குடுத்த எல்லாமே தப்பு. நத்தை ஓடாமே!”

“விடை என்னக்கா?” என்று பாலம் கெஞ்சினாள்.

“சொல்ல மாட்டேன். உங்க எல்லாருக்குமே தெரிஞ்சதுதான்.”

மணி நாலேகால். நான் கல்லூரிக்கு ஓட வேண்டும். ஆனாலும் கால் நகரவில்லை. எவ்வளவு கெஞ்சியும் அந்த அம்மா அசையவில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய்ப் புத்தகம் கொடுக்கும் மேசையில் வைத்துவிட்டு, ஒரு சீட்டை எடுத்துக் கொட்டையெழுத்தில் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். “எங்கிட்ட ஒரு பிரதிகூட இல்ல. எல்லாத்தையும் கிழிச்சுப் பட்டன் மடிச்சுக் குடுத்துட்டேன். நானும் ஒரு தடவை எடுத்துப் படிக்கறேனே.” எங்கள் பக்கத்தில் வந்து நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேசை ஊழியர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். பட்டியல்காரரே சீட்டை எடுத்தார், புத்தகத்தில் தேதி போட்டார். விதி விதிதானே. எழுந்து நின்று, சீட்டைப் பார்த்து, கூடம் முழுவதும் கேட்கும்படி, தன் வாழ்நாளில் முதல் முறையாக மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்த ஒரே பெயருக்கு நாங்கள் நாலு பேரும் திரும்பினோம்.

“கண்டுபிடிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டு, அந்த அம்மா புத்தகத்தை வாங்கிக்கொள்ள எழுந்து போனார்.